சொந்தக்காரர் வீடுகளில் தங்கிப் பழனி மலைக்குக் குடும்பத்தோடு சைக்கிளில்: முதல்முறை போகிறவர்களுக்கு

நான், கணவர், 13 வயது மகள், 9 வயது மகன். ஆளுக்கொரு சைக்கிள். சென்னையிலிருந்து ரயிலில் திண்டுக்கல் வந்து இறங்கி, சின்னாளபட்டி, அய்யம்பாளையம், தாண்டிக்குடி, கொடைக்கானல் வழியாகப் பழனியில் முடித்தோம். மொத்தம் 8 நாள். ஐந்து ஊரிலும் சொந்தக்காரர் வீடு இருக்கிறது, லாட்ஜ் செலவும் இல்லை, ஹோட்டல் செலவும் இல்லை என்று கணக்குப் போட்டுக் கிளம்பினோம். அந்தக் கணக்கு எங்கெங்கே இடித்தது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். மலை ஏறியதைவிடப் பெரியம்மா வீட்டிலிருந்து காலை 6 மணிக்குக் கிளம்பியது எங்களுக்குச் சிரமமாக இருந்தது. அதனால் சைக்கிளைப் பற்றிக் கொஞ்சமும் வீடுகளைப் பற்றி நிறையவும் இருக்கும்.

1. முதலில் வீடுகளை எழுதுங்கள், இரண்டு பக்கமும்

மேப்பைத் திறப்பதற்கு முன் ஒரு தாளை எடுத்து வழியில் இருக்கும் சொந்தக்காரர் வீடுகளை மூன்று வகையாகப் பிரித்து எழுதுங்கள்: இரவு தங்கும் வீடு, மத்தியானம் சாப்பிடும் வீடு, வாசலில் நின்று தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்பும் வீடு. ஒரு நாளைக்கு ஒரு இரவு வீடும் ஒரு வாசல் வீடும் போதும். அதற்கு மேல் வைத்தால் அன்றைக்கு மிதிக்க முடியாது.

எழுதி முடித்ததும் ஊரில் இருக்கும் ஒரு பெரியவருக்கு போன் போட்டு, பட்டியலை வாசித்துக் காட்டுங்கள். நாங்கள் இதைச் செய்யவில்லை. செம்பட்டியில் அப்பாவுடைய சித்தப்பா மகன் கடை வைத்திருப்பது எனக்குத் தெரியாது. அவர் கடைக்கு நேர் எதிரில் டீ குடித்து, போட்டோவும் எடுத்து, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டேன். பத்தே நிமிடத்தில் போன். "எதுத்த கடையில டீ குடிச்சிருக்க, எங்கடைக்கு வர வழி தெரியலையாத்தா?" திரும்பி 6 கிலோமீட்டர் மிதித்து வந்து இன்னொரு டீ குடித்துவிட்டுப் போனோம்.

இரண்டு பக்கத்தையும் எண்ணிப் பாருங்கள். எங்கள் பட்டியலில் என் பக்கம் நான்கு வீடு, அவர் பக்கம் கொடைக்கானல் நாத்தனார் வீடு மட்டும். மாமியார் எதுவும் சொல்லவில்லை, பட்டியலை இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். உடனே கொடைக்கானலில் ஒரு இரவை மூன்று இரவாக மாற்றினேன்.

வழியில் துக்கம் விசாரிக்க வேண்டிய வீடு இருந்தால் அதைத் தனியாகத் திட்டமிடுங்கள். அந்த ஊரில் விருந்து சாப்பிட்ட பிறகு அங்கே போகக் கூடாது. அங்கிருந்து நேராக இன்னொரு வீட்டுக்குள் நுழைவதையும் பலர் விரும்புவதில்லை, குளித்துவிட்டு வா என்பார்கள். அதனால் அன்றைய இரவு வீட்டுக்குப் பக்கத்தில், அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, கடைசி நிறுத்தமாக வையுங்கள். கிளம்பும்போது "போயிட்டு வர்றோம்" என்று சொல்லக் கூடாது என்று பிள்ளைகளிடம் முதலிலேயே சொல்லி வையுங்கள். என் மகன் கணீரென்று சொல்லிவிட்டான்.

2. தேதி

அரையாண்டு விடுமுறையில் போனோம். குளிருக்கு அது நல்ல நேரம்தான். ஆனால் கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை கொடைக்கானல் சாலையில் கார் மேல் கார். ஒன்பது வயதுப் பையனை அந்த நெரிசலில் ஓரமாக ஓட்டிக்கொண்டு போக எனக்குத் தைரியம் வரவில்லை. ஏப்ரல், மே மாதங்களில் இதைவிடக் கூட்டம். அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் தொடக்கம் வரை வடகிழக்குப் பருவமழை. அப்போது மண்சரிவால் மலைச்சாலையை மூடுவதும் உண்டு. தைப்பூச சமயத்தில் பழனிச் சாலை முழுக்கப் பாதயாத்திரைக் கூட்டம் இருக்கும். இரவிலும் நடப்பார்கள். அந்த வாரத்தில் பழனிப் பக்கம் சைக்கிளை விடாதீர்கள்.

என்னைக் கேட்டால் காலாண்டு விடுமுறை, செப்டம்பர் கடைசி. மலையில் தூறல் இருக்கலாம், மழைச் சட்டை போதும். இன்னொரு காரணம் புரட்டாசி. புரட்டாசி பிடிக்கிற வீடுகளில் கறி சமைக்க மாட்டார்கள். அது எப்படி உதவும் என்று 7-இல் சொல்கிறேன்.

3. வழி

கொடைக்கானலுக்கு எல்லோரும் போகும் பாதை வத்தலக்குண்டு, காட்ரோடு, டம்டம் பாறை, ஊத்து, பெருமாள்மலை வழி. சாலை நல்ல அகலம். சுற்றுலாப் பேருந்துகள் எல்லாம் அதில்தான் வரும்.

நாங்கள் போனது கீழ்ப்பழனி மலை வழி: செம்பட்டி, அய்யம்பாளையம், சித்தரேவு, பெரும்பாறை, மங்களங்கொம்பு, தாண்டிக்குடி. அங்கிருந்து பண்ணைக்காடு, ஊத்து, பெருமாள்மலை, கொடைக்கானல். சாலை குறுகல்தான், ஆனால் வண்டி குறைவு. இரண்டு பக்கமும் காப்பி, மிளகுக்கொடி, வாழை, ஆரஞ்சு. நிழலிலேயே மிதிக்கலாம். சமவெளி சுமார் 300 மீட்டர் உயரம், கொடைக்கானல் 2,100 மீட்டருக்கு மேல். எந்த வழியில் போனாலும் இந்த ஏற்றத்தை ஏறியே ஆக வேண்டும். தாண்டிக்குடி வழியில் அதை இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்ளலாம், நடுவில் சித்தி வீடு.

நாள் கணக்கு இப்படி: முதல் நாள் திண்டுக்கல்லிலிருந்து சின்னாளபட்டி, வெறும் 12 கிலோமீட்டர். ரயில் அலுப்பும் சைக்கிள் மாட்டும் வேலையும் இருப்பதால் அது போதும். இரண்டாம் நாள் அய்யம்பாளையம். மூன்றாம் நாள் தாண்டிக்குடி. நான்காம் நாள் ஓய்வு, இதைக் குறைக்காதீர்கள். ஐந்தாம் நாள் கொடைக்கானல், சுமார் 48 கிலோமீட்டர். ஆறும் ஏழும் அங்கேயே. எட்டாம் நாள் பழனிக்கு இறக்கம், சுமார் 64 கிலோமீட்டர்.

4. வீட்டுக்காரர்களிடம் எப்படிச் சொல்வது

ஒரு மாதம் முன்னால் ஒரு போன். ஒரு வாரம் முன்னால் இன்னொன்று. முந்தின நாள் மாலை மூன்றாவது. வாட்ஸ்அப்பில் மட்டும் சொன்னால் அது சொன்னதாகக் கணக்கில்லை.

போனில் நான்கு விஷயங்களைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: எத்தனை பேர், எத்தனை மணிக்கு வருவோம், மறுநாள் எத்தனை மணிக்குக் கிளம்புவோம், நான்கு சைக்கிளை உள்ளே வைக்க இடம் வேண்டும். வரும் நேரத்தை இரண்டு மணி நேரம் தள்ளியே சொல்லுங்கள். பன்னிரண்டுக்கு வருவோம் என்று சொல்லி இரண்டுக்குப் போனால், அதற்குள் மாமா பைக்கை எடுத்துக்கொண்டு தேடக் கிளம்பியிருப்பார்.

சைக்கிளில் வருகிறோம் என்பதையும் மறைக்காதீர்கள். பெரியம்மா கார் பின்னால் வருகிறது என்றே நினைத்திருந்தார். வாசலில் எங்களைப் பார்த்ததும், "ஆத்தாடி, பிள்ளைகள இந்த வெயில்ல மிதிக்க விட்டா கூட்டியாந்த? மாப்பிள்ளைக்கு வேலை போயிருச்சா?" என்று கேட்டார். இல்லை என்று நம்பவைக்க ராத்திரி ஆகிவிட்டது.

வயது வந்த மகளோடு போகிறவர்கள் இன்னொன்றும் யோசிக்க வேண்டும். சில வீடுகளில் மாதவிலக்கு நாட்களில் தனியாக உட்கார வைப்பார்கள். அந்தத் தேதிகளில் எந்த வீட்டில் இருப்போம் என்று பார்த்துக்கொண்டால் மகளுக்குச் சங்கடமில்லை.

5. காகிதங்கள்

ஆளுக்கொரு ஆதார் நகல், பெரியவர்களுக்கு இரண்டிரண்டு. சைக்கிள் வாங்கிய பில்லின் நகல். பில் தொலைந்திருந்தால், சைக்கிள் சட்டத்தின் (ஃப்ரேம்) அடியில் பொறித்திருக்கும் எண்ணையாவது போட்டோ எடுத்து வையுங்கள். சைக்கிள் காணாமல் போனால் புகார் கொடுக்க அந்த எண் வேண்டும்.

இ-பாஸ் குழப்பம் எல்லோருக்கும் இருக்கிறது. உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் போகும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். 2025 ஏப்ரலிலிருந்து ஜூன் வரை கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000 வண்டி, சனி ஞாயிறுகளில் 6,000 வண்டி என்று வரம்பும் வைத்தார்கள். இது மோட்டார் வண்டிக்குத்தான். சைக்கிளில் போன எங்களை யாரும் கேட்கவில்லை. ஆனால் "சாமானை நான் கார்ல கொண்டாந்து குடுத்துர்றேன்" என்று கிளம்பி வரும் மாமாவுக்கு வேண்டும். அவர் வண்டி எண்ணை வாங்கி, அரசின் இ-பாஸ் தளத்தில் நீங்களே எடுத்துக் கொடுத்துவிடுங்கள். கட்டணம் கிடையாது.

மலையில் 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்குத் தடை உண்டு. சைக்கிள் பாட்டிலும் ஒரு எவர்சில்வர் பாட்டிலும் வைத்துக்கொள்ளுங்கள். வழியில் எந்த வீட்டில் கேட்டாலும் நிரப்பிக் கொடுப்பார்கள்.

6. ரயிலில் சைக்கிள்

பார்சல் அலுவலகத்தில் முதல் வார்த்தையே "லக்கேஜ்" என்று சொல்லுங்கள். பயணச்சீட்டைக் காட்டி லக்கேஜாகப் போட்டால் நீங்கள் போகும் அதே ரயிலில் வரும். "பார்சல்" என்று எழுதிவிட்டால் இடம் இருக்கும் ரயிலில்தான் வரும், அது நாளையும் ஆகலாம், மறுநாளும் ஆகலாம். பயணிக்கு இவ்வளவு கிலோ இலவசம் என்ற சலுகை சைக்கிளுக்குக் கிடையாது. முழுக்கட்டணம்தான்.

ராத்திரி ரயிலுக்கு மாலை 5 மணிக்கே போய்விடுங்கள். ஹேண்டிலைத் திருப்பி, பெடலைக் கழற்றி, பின்கியரைச் சுற்றி அட்டை வைத்துக் கட்டுங்கள். விளக்கு, மணி, பாட்டில் எதையும் சைக்கிளில் விடாதீர்கள். பெயர், போன், ஏறும் நிலையம், இறங்கும் நிலையம் எழுதிய சீட்டு இரண்டு, ஒன்று ஹேண்டிலில், ஒன்று சட்டத்தில். இதற்கு முன் போன ஒரு பயணத்தில் நான் ஒரே சீட்டுதான் கட்டினேன். அது கிழிந்துபோய், ஒரு சைக்கிள் இறங்காமல் கடைசி நிலையம் வரை போய் மறுநாள் திரும்பி வந்தது.

இறங்கும் நிலையத்தில் ரயில் நிற்பது சில நிமிடங்கள்தான். பிரேக் வேன் (சாமான் ஏற்றும் பெட்டி) முன்னாலா பின்னாலா என்று ஏற்றும்போதே பார்த்து வைத்துக்கொண்டு, ஒரு பெரியவர் மட்டும் நேராக அங்கே ஓட வேண்டும், இன்னொருவர் பிள்ளைகளோடு. ரசீதின் அசல் இல்லாமல் சைக்கிளைத் தர மாட்டார்கள். எடுக்கத் தாமதித்தால் வார்ஃபேஜ் என்று மேற்கொண்டு கட்ட வேண்டும்.

எங்களுக்கு நான்கு சைக்கிளுக்கும் போக மட்டும் சுமார் 1,500 ரூபாய், கட்டிக் கொடுத்தவருக்கும் தூக்கியவருக்கும் சேர்த்து 600.

7. சாப்பாடும் கிளம்பும் நேரமும்

இங்கேதான் எல்லோரும் மாட்டிக்கொள்வார்கள்.

அய்யம்பாளையத்தில் மாமா வீடு. போன அன்றைக்கு இரவே மட்டன் குழம்பு. மறுநாள் விடியற்காலை கிளம்ப வேண்டும். அத்தை நான்கரைக்கே எழுந்து கோழி அடித்துவிட்டார். சாப்பிடாமல் போகக் கூடாது என்றார். ஆறு மணி எட்டரை ஆனது. இலையில் இட்லி நான்கு, அதன் மேல் குழம்பு, பக்கத்தில் வறுவல், "இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்று ஐந்தாவது இட்லி. சித்தரேவு தாண்டி ஏற்றம் தொடங்கிய மூன்றாவது கிலோமீட்டரில் மகன் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு ஓரமாகப் போய் வாந்தி எடுத்தான். அப்போது மணி பத்து, வெயில் சுள்ளென்று. அதற்கு மேல் அவன் மிதிக்கவில்லை.

அதன் பிறகு நான் கண்டுபிடித்த வழிகள்:

வேண்டாம் என்று சொல்லாதீர்கள், கட்டித் தரச் சொல்லுங்கள். "வழியில சாப்பிட்டுக்கறோம், நாலு பொட்டலமா குடுங்க" என்றால் யாருக்கும் மனம் நோகாது. புளிச்சோறு கேட்டுப் பாருங்கள், சந்தோஷமாகச் செய்வார்கள், மத்தியானம் வரை கெடாது.

பெரிய விருந்தை ஓய்வு நாளுக்குத் தள்ளுங்கள். வந்து இறங்கியதுமே "நாளைக்கு மத்தியானம் உங்க கையால கறிச்சோறு" என்று நீங்களே கேட்டுவிட்டால், இரவுக்குத் தோசையோடு விட்டுவிடுவார்கள். ஒரே இரவு தங்கும் வீட்டில் இது செல்லாது. அதற்குத்தான் புரட்டாசி.

"எங்க வீட்டு டாக்டர்" என்று ஒருவரைக் கற்பித்துக்கொள்வதிலும் தப்பில்லை. "மலை ஏறும்போது பையன் கறி சாப்பிடக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு" என்று தாண்டிக்குடியில் சொன்னேன். சித்தி உடனே கஞ்சி வைத்தார். பொய்தான்.

கிளம்பும் நேரத்தை வீட்டில் மூத்தவரிடம் ஒப்படையுங்கள். நாம் "ஆறு மணி" என்றால் யாரும் கேட்க மாட்டார்கள். "சித்தப்பா, ஏழரைக்கு ராகுகாலம் வருது, அதுக்குள்ள அனுப்பி வைங்க" என்று சொல்லிப் பாருங்கள், அவரே வீட்டை எழுப்பிவிடுவார். ஏழரைக்கு ராகுகாலம் திங்கட்கிழமை மட்டும்தான். மற்ற நாளுக்குக் காலண்டரில் எமகண்டம் பார்த்துக்கொள்ளுங்கள்.

8. ராத்திரி சைக்கிள் எங்கே இருக்கிறது

வீட்டுக்குள் அல்லது பூட்டிய திண்ணையில். மாட்டுக்கொட்டகையில் வைத்தால் சீட்டு உறையை நக்கியே கிழிக்கும். திருட்டைப் பற்றி நான் கவலைப்படவில்லை. கவலை சொந்தக்காரப் பிள்ளைகளைப் பற்றித்தான். சின்னாளபட்டியில் நாங்கள் தூங்கிய பிறகு பெரியம்மா பேரன்கள் மூன்று பேர் மகளுடைய கியர் சைக்கிளில் டபுள்ஸ் போய்க் குப்புற விழுந்திருக்கிறார்கள். பின்கியரைத் தாங்கும் சின்ன அலுமினியத் துண்டு வளைந்துவிட்டது. ஹேங்கர் என்பார்கள். திண்டுக்கல்லுக்குத் திரும்பிப் போய் நெம்பி எடுக்க அரை நாள் போனது. இப்போது அந்தத் துண்டு ஒன்றைக் கூடுதலாக வாங்கிப் பையில் வைத்திருக்கிறேன். மாலை வெளிச்சத்திலேயே தெருப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு சுற்று கொடுத்துவிட்டுப் பூட்டிவிடுங்கள். ஆசை தீர்ந்துவிடும்.

ஒவ்வொரு சக்கர அளவுக்கும் இரண்டு டியூப், பஞ்சர் சாமான், பம்ப், பிரேக் கட்டை இரண்டு ஜோடி கையிலேயே இருக்க வேண்டும். மலை ஊர்களில் சைக்கிள் கடையை எதிர்பார்க்காதீர்கள். கொடைக்கானல் ஏரிக்கரையில் வாடகைச் சைக்கிள் விடுகிறவர்களைக் கேட்டால் பஞ்சர் ஒட்டித் தருவார்கள்.

9. கொடுப்பதும் வாங்குவதும்

வெறுங்கையோடு போக முடியாது, சென்னையிலிருந்து சுமந்து வரவும் முடியாது. ஒவ்வொரு ஊருக்கும் முந்தைய ஊரில் வாங்குங்கள். சின்னாளபட்டியில் ஒரு சுங்குடிச் சேலை வாங்கினால் தாண்டிக்குடி சித்திக்கு ஆயிற்று, எடையும் இல்லை. பழம், பூ எல்லாம் அந்த ஊர்க் கடைத்தெருவில். பிள்ளைகள் கையில் கொடுக்கப் புது ரூபாய் நோட்டுகளை முன்கூட்டியே மாற்றி வையுங்கள், மலையில் சில்லறைக்கு அலைய வேண்டும்.

திரும்ப வருவதுதான் பாரம். மாமா ஆறு தேங்காய் கொடுத்தார், தோப்பு வீட்டுக்காரர், வேண்டாம் என்றால் கோபம். சித்தி இரண்டு கிலோ காப்பித்தூள், ஒரு கிலோ மிளகு, ஒரு தார் மலைவாழை. நாத்தனார் மலைப்பூண்டு. வாங்கிக்கொள்ளுங்கள், தேங்காய் உட்பட. வழியில் தபால் அலுவலகமோ பார்சல் சர்வீஸோ இருக்கும் ஊர் வந்ததும் வீட்டு முகவரிக்கு அனுப்பிவிடுங்கள். வாழைத்தாரை மட்டும் அனுப்ப முடியாது. அடுத்த வீட்டுக்கு அதுவே பரிசு. யார் கொடுத்தது என்று அங்கே சொல்லாதீர்கள்.

10. ஏற்றம்

குட்டி யானை, அதாவது சின்னச் சரக்கு வண்டி, ஒன்றைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். மகன் வாந்தி எடுத்த அன்றைக்கு மாமாவே ஒன்றைப் பிடித்து அனுப்பினார், தாண்டிக்குடி வரை 2,200 ரூபாய். முதல் நாளே பேசியிருந்தால் குறைத்திருக்கலாம். மகனும் நானும் எல்லாப் பைகளும் அதில், கணவரும் மகளும் மிதித்து வந்தார்கள். இது தோல்வி என்று நினைக்காதீர்கள். பன்னிரண்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு முதலிலேயே அப்படித்தான் திட்டமிட வேண்டும் என்பேன்.

பெரும்பாறை, தாண்டிக்குடிப் பக்கம் யானை நடமாட்டம் உண்டு. காலை ஆறரைக்கு முன்னும் மாலை ஐந்துக்குப் பின்னும் சாலையில் இருக்காதீர்கள். கடைசி டீக்கடையில் "இன்னைக்கு ரோட்டுல இருக்கா?" என்று கேளுங்கள், எது என்று சொல்லவே வேண்டாம். கொடைக்கானலில் காட்டுமாடு தெருவுக்குள்ளேயே நிற்கும். மணி அடிக்காமல் தள்ளி நின்று, அது போன பிறகு போங்கள்.

11. இறக்கம்

ஏற்றத்துக்குப் பயந்த அளவு இறக்கத்துக்குப் பயப்படவில்லை, அது தப்பு. பெருமாள்மலையிலிருந்து சவரிக்காடு வழியாகப் பழனிக்கு வளைவு மேல் வளைவு. கொடைக்கானலில் கிளம்புவதற்கு முன் பிரேக் கட்டைகளைப் பார்த்து, தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு முறை நிறுத்தி ரிம்மைத் தொட்டுப் பாருங்கள். விரல் வைக்க முடியாத சூடு என்றால் பத்து நிமிடம் ஆற விடுங்கள். பிரேக்கைப் பிடித்தபடியே இறங்காமல், பிடித்து விட்டுப் பிடித்து இறங்கப் பிள்ளைகளுக்குச் சமவெளியிலேயே பழக்குங்கள். மகனை நடுவில் விட்டு, கணவர் முன்னால், நான் பின்னால். பேருந்து ஹாரன் அடித்தால் போட்டி போடாமல் ஓரத்தில் நின்றுவிடுவோம். காலை ஏழுக்குக் கிளம்பி ஒன்றரைக்குப் பழனி.

மேலே ஸ்வெட்டர், கீழே வியர்வை. ஸ்வெட்டரைக் கழற்றி வைக்கப் பையில் இடம் விட்டு வையுங்கள்.

12. திரும்பும்போது

பழனியில் ரயில் நிற்கும் நேரத்துக்குள் நான்கு சைக்கிளை ஏற்ற முடியுமா என்று யோசித்து, நாங்கள் மட்டும் ரயிலில் வந்தோம். சைக்கிள்களைப் பார்சல் லாரியில் போட்டோம், ஒன்றுக்கு 400 ரூபாய், மூன்று நாளில் வந்தது. மொத்தச் செலவில் பெரியது ரயிலும் இல்லை, குட்டி யானையும் இல்லை. சேலை, பழம், பிள்ளைகள் கையில் கொடுத்தது எல்லாம் சேர்த்து 6,000 ரூபாயைத் தாண்டிவிட்டது. அந்தப் பணத்துக்குக் கொடைக்கானலில் அறை எடுத்திருக்கலாம் என்று கணவர் சொன்னார், மெதுவாகத்தான் சொன்னார்.

வீடு வந்து சேர்ந்ததும் பையைப் பிரிப்பதற்கு முன் எல்லா வீட்டுக்கும் போன் போட்டுவிடுங்கள், மூத்தவரிலிருந்து ஆரம்பித்து. குழுவில் ஒரே செய்தியாகப் போட்டு முடித்துவிடாதீர்கள். செம்பட்டிக் கடைக்கும் மறக்காமல் ஒன்று.